வேர்த்ததும் ஜுரம் விட்டது என்றோம்

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, எங்களுக்கெல்லாம் முன்னால் போய்விட்ட அன்பு அண்ணாவுக்கு,

நாளை ஞாயிற்றுக்கிழமை. காலைச் சிற்றுண்டிக்கு அஸ்தினாபுரம் வீட்டுக்கு வரும்படி அண்ணி சொல்லியிருக்கிறார்கள். இட்லிக்காக அழைக்கவில்லை என்பது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். "அன்னைக்கு நீங்க சொன்ன பதில் ஒண்ணு, இப்ப சொல்ற பதில் ஒண்ணு. ஒருநாள் உட்காந்து முழுசாச் சொல்லிடுங்க தம்பி" என்றார்கள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

கேள்வி ஒன்றுதான். நீங்கள் இறந்ததற்கு அவர்கள் காரணமா, இல்லையா? இதற்கு நான் ஒருமுறை விடை சொல்லிவிட்டேன். அந்த விடையை நாளை நானே திருத்தியாக வேண்டும்.

இந்த வாரம் முழுவதும் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. வெறும் வாய்தா கேட்க வேண்டிய வழக்கில்கூட எழுந்து நின்று இரண்டாவது வாக்கியத்தில் தடுமாறுகிறேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. முதலில் உங்களிடம் சொல்லிப் பார்த்துவிட்டால் நாளை அவர்களிடம் சொல்ல வாய் வரும் என்று நம்பி இதை எழுதுகிறேன். பிறருக்கும் பயன்படும் என்று தோன்றினால், அண்ணியின் சம்மதத்தைப் பெற்ற பிறகே அச்சுக்குக் கொடுப்பேன். யாராவது இதைப் படிக்கிறார்கள் என்றால், அந்தச் சம்மதம் கிடைத்துவிட்டது என்று பொருள்.

உங்களுக்கு நடந்தது உங்களுக்கே முழுதாகத் தெரியாது என்பதை நினைத்தால் விசித்திரமாக இருக்கிறது, அண்ணா. ஆகவே தொடக்கத்திலிருந்து சொல்கிறேன்.

அந்த வருட மழைக்காலத்தில் அண்ணியின் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இருமிக்கொண்டிருந்தார்கள். நாலாம் வகுப்பு ஆசிரியை பிள்ளைகளை விட்டு எட்டி நின்று பாடம் நடத்த முடியுமா? முதலில் அவர்களுக்குக் காய்ச்சல் கண்டது. நீங்கள் தோல் கிடங்குக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டில் ரசம் வைத்தீர்கள். அந்த ரசத்தின் காரத்தில்தான் தன் காய்ச்சல் பயந்து ஓடியது என்று அண்ணி சொல்லிச் சிரிப்பார்கள். அவர்கள் எழுந்து நடமாடத் தொடங்கியபோது நீங்கள் படுத்தீர்கள்.

சாதாரணச் சளிக் காய்ச்சல் என்றுதான் நாம் எல்லோரும் எண்ணினோம். உடம்பு வலி, இருமல், நாக்குக் கசப்பு. ஊரில் பாதிப் பேருக்கு இருந்தது. அந்தப் பாதிப் பேரும் எழுந்து வேலைக்குப் போய்விட்டார்கள். உங்களுக்குச் சர்க்கரை இருந்ததை நாம் காய்ச்சலோடு சேர்த்துப் பார்க்கவில்லை. இரத்த அழுத்தத்துக்கு மருத்துவர் கொடுத்த மாத்திரையை நீங்கள் நினைவு வந்தபோது மட்டும் போட்டுக்கொண்டதையும், மாடிக்குப் போய்ப் புகைத்ததையும் சேர்த்துப் பார்க்கவில்லை. நெஞ்சு வலியில் போன அப்பா உங்கள் வயதைத் தாண்டவில்லை என்பதையும்தான். ஒவ்வொன்றும் தனித்தனி அறையில் இருந்தது. கதவுகளை யாரும் திறந்து பார்க்கவில்லை.

அன்று காலை நான் உங்களைப் பார்க்க வந்தபோது கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தீர்கள். அண்ணி உங்கள் மார்பில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அறை முழுவதும் அந்த வாசனை.

"இருமி இருமி மாரே கெட்டுப்போச்சுடா" என்றீர்கள். "சதை எங்கேயோ புடிச்சுக்கிச்சு."

"நேத்து ஜன்னலத் திறந்து வெச்சுட்டுப் படுத்தீங்கல்ல, அதான்" என்றார்கள் அண்ணி.

"ஜன்னல் உங்கப்பா வெச்ச ஜன்னல். மூடினாலும் திறந்துதான் இருக்கும்."

பிறகு கம்பளியைப் போர்த்திவிட்டார்கள். சற்று நேரத்தில் உங்கள் நெற்றியில் முத்து முத்தாக வியர்வை வந்தது. அண்ணியின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். "வேர்க்குது பாருங்க தம்பி! தொட்டுப் பாருங்க" என்றார்கள். நான் தொட்டேன். குளிர்ந்திருந்தது. "ஜில்லுனு இருக்கு அண்ணி. ஜுரம் விட்டுடுச்சு" என்றேன்.

"குடித்தனக்காரன் நோட்டீஸ் குடுக்காமலே காலி பண்ணிட்டான் பாருடா, வக்கீல்" என்றீர்கள் நீங்கள். மூவரும் சிரித்தோம்.

காய்ச்சல்காரருக்கு வேர்த்தால் வீடே மூச்சு விடும். நம் வீடுகளில் அதைவிட நல்ல செய்தி கிடையாது. அண்ணி காபி கலக்க உள்ளே போனார்கள். நீங்கள் இடது கை கனக்கிறது என்றீர்கள். ஒரே பக்கமாகப் படுத்ததால் இருக்கும் என்றேன். உங்கள் முகம் சாம்பல் பூத்தாற்போல் இருந்தது. நோயில் கிடந்த முகம் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். காபி வந்தபோது உங்களுக்கு அதை வாங்கிக்கொள்ளக் கை எழவில்லை.

வந்து பார்த்த மருத்துவர் மாரடைப்பு என்றார். காய்ச்சலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

கருமாதி முடிந்து உறவினர்கள் கிளம்பிய பிறகு அண்ணி என்னைச் சமையலறை வாசலில் நிறுத்தினார்கள். கண் வறண்டிருந்தது.

"தம்பி, நீங்க யோசிக்காம எதையும் சொல்ல மாட்டீங்க. அதனாலதான் உங்களைக் கேக்கறேன். நான் ஸ்கூல்லருந்து கொண்டுவந்த ஜுரம்தானே அவரைக் கொண்டுபோச்சு?"

அங்கே நின்றிருந்த சித்தி, "பைத்தியமா உனக்கு? சளி புடிச்சு யாருக்காவது மாரடைப்பு வருமா?" என்றார். ஆனால் அண்ணி அவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இன்று மழை வருமா என்று கேட்டால்கூட 'வரக்கூடும்' என்று சொல்கிறவன் நான். அன்று மட்டும், "சம்பந்தமே இல்லை அண்ணி" என்றேன். எனக்கு அன்று தெரிந்தது அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு அவர்கள் எழுந்தார்கள், அண்ணா. பள்ளிக்குத் திரும்பினார்கள். தனியாக இருக்க வேண்டாம் என்று தன் தம்பி கோபாலை மாடிப் பகுதிக்குக் குடி வரச் சொன்னார்கள். பிள்ளைகள் இருமினால் பழையபடி முதுகைத் தடவிக் கொடுத்தார்கள்.

பல வருடங்கள் அந்த விடை நிலைத்தது. இந்த ஆடி மாதத்தில் அது சரிந்தது. சரியச் செய்தவனும் நான்தான். அதுவும் நீதிமன்ற நடைமுறையில், எல்லோர் முன்னிலையிலும்.

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு வார்ப்புப் பட்டறைத் தொழிலாளி, உலைக்குப் பக்கத்தில் மாரடைப்பில் விழுந்து இறந்துவிட்டார். வேலையின் கடுமையால் வந்த சாவு என்று அவருடைய மனைவி இழப்பீடு கேட்டிருந்தார். நான் எதிர்த்தரப்பில் காப்பீட்டு நிறுவனத்துக்காக நின்றேன். சாட்சிக் கூண்டில் வயதான மருத்துவர் ஒருவர். அந்தத் தொழிலாளிக்கு முந்தைய வாரம் சளிக் காய்ச்சல் இருந்ததையும், காய்ச்சல் விட்டதும் விடாததுமாக வேலைக்கு வந்ததையும் அவர் தம் வாக்குமூலத்தில் சொன்னார்.

பதில் தெரியாத கேள்வியைக் குறுக்கு விசாரணையில் கேட்கக்கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் வருடமே கற்றுக்கொள்ளும் பாடம். நான் அன்று அந்தப் பாடத்தை மீறவில்லை என்றுதான் நினைத்தேன். பதில் எனக்குத் தெரியும் என்று நம்பினேன்; நோயாளியிடம் வேலை வாங்கினார்கள் என்ற பேச்சை அங்கேயே வெட்டிவிட எண்ணினேன். "சளிக் காய்ச்சலுக்கும் மாரடைப்புக்கும் சம்பந்தம் இல்லை, அப்படித்தானே டாக்டர்?" என்று கேட்டேன்.

"இருக்கு" என்றார் அவர். "வேலையாலயும் வந்திருக்கலாம். அந்தக் காய்ச்சலாலயும் வந்திருக்கலாம். ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம்."

என் தரப்புக்கு அது சாதகமான பதில். பக்கத்தில் இருந்த இளைய வழக்கறிஞர், "சார், அவரே எடுத்துக் குடுத்துட்டார், விடாதீங்க" என்று கிசுகிசுத்தார். எதிரே, முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தப் பெண்மணியைப் பார்த்தேன். விசாரணை முடிந்தது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அந்த வழக்கு பிறகு சமரசத்தில் முடிந்தது; அதில் எனக்குப் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை.

வெளியே தேநீர்க் கடையில் அந்த மருத்துவரைப் பிடித்தேன்.

"டாக்டர், உள்ள சொன்னது வழக்குக்காகவா, நிஜமாவா?"

"வக்கீல் சார், உங்களுக்குத்தான் அது ரெண்டு. எனக்கு ஒண்ணுதான்" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

அவர் விளக்கியதைக் கூட்டாமல் குறைக்காமல் தர முயல்கிறேன். காய்ச்சல் கிருமியோடு உடம்பு சண்டை போடும்போது, அந்தச் சண்டை நுரையீரலோடு நிற்பதில்லையாம். இரத்தக் குழாய்களின் உட்சுவரும் அழன்று வீங்குகிறது. வருடக்கணக்கில் அங்கே படிந்து, தொந்தரவு செய்யாமல் கிடந்த கொழுப்புத் திட்டு அப்போது வெடிக்கக்கூடும். இரத்தமும் எளிதில் உறையும் நிலையில் இருக்கிறது. திட்டு வெடித்த இடத்தில் உறைந்தால் குழாய் அடைபடுகிறது. இதயமோ காய்ச்சலில் வேகமாக ஓடிக்கொண்டிருக்கிறது. சளி கட்டிய நெஞ்சிலிருந்து வரும் பிராணவாயுவும் குறைவு. ஓடுகிறவனுக்குச் சோற்றைக் குறைத்தாற்போல என்றார். இதெல்லாம் இன்னும் முழுதாக நிரூபிக்கப்படவில்லை என்றும், ஆனால் தம் அனுபவத்தில் மழைக்காலந்தோறும் பார்த்துக்கொண்டே இருப்பதாகவும் சொன்னார். அந்த இரண்டு வாக்கியங்களையும் அவர் பிரித்துச் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது.

"எல்லாருக்கும் வருமா?"

"சேச்சே. ஆயிரம் ஜுரம் வந்து தானா போயிடும். பயமுறுத்தாதீங்க யாரையும். ஏற்கெனவே சர்க்கரை இருக்கறவங்க, பி.பி. இருக்கறவங்க, சிகரெட் குடிக்கறவங்க, கொழுப்பு ஜாஸ்தியா இருக்கறவங்க, அப்பா அண்ணன் யாராவது சின்ன வயசுலயே நெஞ்சு வலில போயிருந்தா அவங்க, முன்னாடியே ஒரு அட்டாக் வந்தவங்க... இவங்கதான் ஜாக்கிரதையா இருக்கணும். ஜுரம் வந்த முதல் சில நாளும், விட்ட கையோடயும். 'ஜுரம் போச்சு'ன்னு உடனே எழுந்து ஓடறாங்க பாருங்க, அங்கதான்."

அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அடையாள அணிவகுப்பில் நிற்கும் ஆட்களுக்கு முன்னால் என்னை மெல்ல நடத்திக்கொண்டு போவதுபோல் இருந்தது. அநேகமாக எல்லா ஆளும் நீங்களாகவே இருந்தீர்கள், அண்ணா.

"அவருக்கு வேர்த்துச்சு டாக்டர்" என்றேன். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. "ஜுரம் விட்டுடுச்சுன்னு சந்தோஷப்பட்டோம்."

அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "ஜுரம் விடற வேர்வைக்கு அப்புறம் ஆள் தெளிவாவான். பசிக்குதும்பான். மாரடைப்பு வேர்வைல ஆள் தொய்ஞ்சு போவான், முகம் வெளுத்துடும். நெஞ்சு மேல யாரோ உக்காந்த மாதிரி இருக்கும். கைக்கு, தாடைக்கு, முதுகுக்குப் போகும். சர்க்கரைக்காரங்களுக்குச் சிலசமயம் வலியே தெரியாது, மூச்சு மட்டும் வாங்கும். ஆனா இதையெல்லாம் வீட்ல உக்காந்து நீங்க பிரிச்சுப் பார்க்க வேணாம் சார். சந்தேகம் வந்தா வண்டியைக் கூப்பிடணும். பிரிச்சுப் பார்க்கறது எங்க வேலை."

அங்கிருந்து எப்படி வீடு வந்தேன் என்று நினைவில்லை.

அதற்குப் பிறகு அண்ணியைப் பார்க்கப் போகும்போதெல்லாம், சட்டைப்பையில் யாருடைய பொருளையோ திருப்பித் தராமல் வைத்திருப்பவன்போல் உட்கார்ந்திருந்தேன். சொல்ல வேண்டுமா? யாருக்கு என்ன பயன்? இறந்தவர் திரும்பி வரப் போவதில்லை. உயிரோடிருப்பவர் தூங்குகிறார், சாப்பிடுகிறார், பிள்ளைகளுக்குப் பெருக்கல் வாய்பாடு சொல்லித் தருகிறார். அதைக் கலைக்க எனக்கு என்ன உரிமை? ஒருவரின் மன அமைதிக்கு எதிராக உண்மையை நிறுத்தினால் எதற்கு எடை அதிகம்? தீர்ப்பை ஒத்திவைத்தேன். எங்கள் தொழிலில் ஒத்திவைப்பது எளிது.

ஐப்பசி மழையில் கோபாலுக்குக் காய்ச்சல் வந்ததும் ஒத்திவைக்க முடியாமல் போயிற்று.

கோபாலை உங்களுக்குத் தெரியும். இப்போது திருமுடிவாக்கத்தில் வெல்டிங் வேலை. உடம்பு முன்னைவிடப் பெருத்துவிட்டது. சர்க்கரை வந்துவிட்டது. சிகரெட் உங்களைப் பார்த்துக் கற்றதுதான். காய்ச்சலோடு இரண்டொரு நாள் வேலைக்குப் போய்விட்டு, முடியாமல் படுத்திருப்பதாக அண்ணி சொல்லியனுப்பியிருந்தார்கள். நான் போனபோது கீழ் அறையில், உங்கள் கட்டிலில், சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அண்ணி தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா மச்சான், கோர்ட்டு லீவுன்னு வந்தியா? ஜுரக்காரன பாக்க வர்றவன் நாலு ஆரஞ்சாவது வாங்கினு வருவான். நீ கொடைய தூக்கினு வந்துகீறே."

"எப்படி இருக்கு?"

"ஜுரம் போச்சு. இந்த இருமல்தான் பேஜாரு. மாரு புட்சிகினு கீது. கக்கூஸ் வரிக்கும் போய்ட்டு வந்தா மலையேறின மாரி மூச்சு வாங்குது."

"பேசாதடா. பேசினா இருமல் வரும்" என்றார்கள் அண்ணி.

நான் குடையை மடித்து வைத்தேன். மறுபடி எடுத்து வேறு மூலையில் வைத்தேன். "கோபால், ஒரு ஈ.சி.ஜி. எடுத்துட்டு வந்துடலாமா?" என்றேன்.

"எதுக்கு?"

"பொதுவாத்தான். வயசாகுது இல்லையா?"

"யாருக்கு, எனக்கா உனக்கா?" என்று சிரித்தான். சிரிப்பு இருமலாகி, கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். பேச்சு வர நேரமாயிற்று.

"சர்க்கரை இருக்கறவங்க வருஷத்துக்கு ஒருதரம் எடுத்துப் பாக்கறது வழக்கம்."

"ஞாயித்துக்கெழம மழைலயா வழக்கம்? அக்கா, இந்த ஆளு இன்னாவோ மறைக்கிறாரு."

அண்ணியின் கை நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"தம்பி, சளி ஜுரத்துக்கு எதுக்கு ஈ.சி.ஜி.?"

நான் மறுபடி குடையின் பக்கம் திரும்பினேன்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

எத்தனையோ சாட்சிகளிடம் அவர்களுடைய பழைய வாக்குமூலத்தை எடுத்துக் காட்டி, எது உண்மை என்று நான் கேட்டிருக்கிறேன். கூண்டில் நிற்பவருக்கு அந்த நொடி எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. பழைய விடையையே மீண்டும் சொல்லிவிட்டு, கோபாலை வேறு ஏதாவது காரணம் காட்டி அழைத்துப் போக வழி இருக்கிறதா என்று தேடினேன். அப்படி ஒரு காரணத்தை நான் யோசித்து முடிப்பதற்குள் அவன் நெஞ்சுக்குள் என்ன நடந்துவிடும்?

"சம்பந்தம் இருக்கு அண்ணி" என்றேன். "அப்ப எனக்குத் தெரியாது. இப்பத் தெரியும். இவனுக்கும் அண்ணாவுக்கு இருந்த சர்க்கரை, சிகரெட் எல்லாம் இருக்கு. இது இருமி வந்த வலியாவே இருக்கலாம். ஆனா இல்லாமலும் இருக்கலாம்."

"எப்பலருந்து தெரியும்?"

"ஆடிலருந்து."

அவர்கள் தைலப் புட்டியின் மூடியைத் தேடி எடுத்து, மூடி, ஜன்னல் ஓரம் வைத்தார்கள். பிறகு சொன்னார்கள்: "என் மனசு நோகும்னு என் தம்பியைச் சாக விட்டிருப்பீங்களா?"

"யாரு சாவுறது? இன்னா பேசினுகீறீங்க ரெண்டு பேரும்?" என்றான் கோபால்.

"டேய், சட்டையப் போடு. தம்பி, ஆட்டோ கூப்பிடுங்க."

போகும் வழியெல்லாம் கோபால் ஆட்டோக்காரரிடம் வம்பு பேசிக்கொண்டு வந்தான். ரயில்வே கேட் மூடியிருந்தது. மின்சார ரயில் வருவதற்காகக் காத்திருந்தபோது அவன் பேச்சு தானாக நின்றது. தாடையைத் தடவிக்கொண்டான். அண்ணி அவன் மணிக்கட்டைப் பிடித்தபடி, தண்டவாளம் வளைந்து வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ரயிலை நான் சபித்த அளவுக்கு எந்த எதிர்த்தரப்பையும் சபித்ததில்லை.

மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்த இளம் மருத்துவர் எங்களை நிற்க வைத்துப் பேசவில்லை. கோபாலை உள்ளே கொண்டுபோய்விட்டார். வெளியே வந்தபோது, அடைப்பு தொடங்கியிருந்தது என்றும், மருந்து கொடுத்தாயிற்று என்றும், இன்று வராமல் இருந்திருந்தால் நாளையைப் பற்றித் தம்மால் எதுவும் சொல்லியிருக்க முடியாது என்றும் சொன்னார்.

பிழைத்துவிட்டான், அண்ணா. வீட்டுக்கு வந்துவிட்டான். சிகரெட்டை நிறுத்தச் சொன்னதற்காக உலகத்தில் உள்ள எல்லா மருத்துவர்களையும் திட்டுகிறான். "உன் அண்ணன் பழக்கிவுட்டாரு, நீ புடுங்கிக்கினே. உங்க குடும்பமே இப்டித்தான்" என்று என்னையும் சேர்த்துத் திட்டுகிறான். திட்டட்டும்.

ஆனால் அந்தத் தாழ்வாரத்தில், மருத்துவர் உள்ளே திரும்பிப் போன பிறகு, அண்ணி பெஞ்சில் உட்கார்ந்து, "அப்ப நான்தான்" என்றார்கள்.

எனக்கு ஒரு வாதம் தயாராக இருந்தது. "அந்தக் கிருமி உங்களுக்கு எந்தப் பிள்ளைகிட்டருந்து வந்துச்சு அண்ணி? தெரியுமா?"

"வகுப்பு பூராவும் இருமிக்கிட்டிருந்துச்சு. யாருன்னு சொல்றது?"

"அவங்கள்ல யாரையாவது குத்தம் சொல்வீங்களா?"

"குழந்தைங்க தம்பி..."

"அப்படின்னா உங்களை மட்டும் எப்படி..."

"வாதாடாதீங்க" என்றார்கள். "கொஞ்ச நேரம் சும்மா இருங்க."

நல்ல வாதம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அவர்கள் அன்று என்னிடம் வாதம் கேட்கவில்லை.

அதன் பிறகு நாங்கள் இருவரும் கோபாலின் மாத்திரைகளைப் பற்றியும் உப்பில்லாத சமையலைப் பற்றியும் மட்டுமே பேசி வந்தோம். போன வாரம் நான் அங்கே போனபோது, அண்ணி மதில் சுவர் ஓரமாக நின்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டுக்காரருக்கும் காய்ச்சல், அவருக்கும் சர்க்கரை. நான் தெருவிலேயே நின்றுவிட்டேன்.

"எங்க வீட்டுக்காரருக்கு ஃப்ளூ வந்து, அதுலதான் ஹார்ட் அட்டாக் வந்துச்சு. நான் ஸ்கூல்லருந்து கொண்டுவந்த ஃப்ளூ. அதான் சொல்றேன். அவரை இன்னும் கொஞ்ச நாள் வேலைக்கு அனுப்பாதீங்க. சர்க்கரை மாத்திரையை நிறுத்த விடாதீங்க. நெஞ்சை அழுத்துதுன்னோ மூச்சு வாங்குதுன்னோ சொன்னா, தைலம் தேய்ச்சுக்கிட்டு உக்காராதீங்க. என்னைக் கூப்பிடுங்க, நான் வர்றேன்."

'நான் கொண்டுவந்த' என்பதைச் சந்தையிலிருந்து காய்கறி கொண்டுவந்ததைச் சொல்வதுபோல் சொன்னார்கள், அண்ணா. நான் ஆடியிலிருந்து ஐப்பசி வரை மூடி வைத்திருந்ததை, தன்னையே சாட்சியாக நிறுத்தி, பக்கத்து வீட்டு மனிதர் ஒருவருக்காக அவர்கள் சுவருக்கு மேலே எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். அந்த அம்மா உள்ளே போனதும் திரும்பினார்கள். என்னைப் பார்த்தார்கள். அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்கள்.

என்ன சொல்வேன்? சட்டம் ஒரு விளைவுக்குப் பல காரணங்களை ஒப்புக்கொள்கிறது. காய்ச்சல் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். இருந்தது என்றே நினைக்கிறேன். சர்க்கரை, அழுத்தம், புகை, அப்பாவிடமிருந்து வந்த இரத்தம், எல்லாம் அதற்கு முன்பே வந்து காத்திருந்தன. எது காரணம் என்ற கேள்விக்கு இவ்வளவு பதில்கள் உண்டு. யார் காரணம் என்பது வேறு கேள்வி. அதற்கு இந்தப் பதில்களில் எதுவும் பொருந்தாது. இதை என்னால் தெளிவாகச் சொல்ல முடியும். ஒருவேளை அவர்கள் ஏற்கவும் கூடும்.

நான் அஞ்சுவது அந்தக் கேள்விக்கு அல்ல. அடுத்ததற்கு. "வேர்த்தப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருந்தா?" என்று கேட்பார்கள். கோபாலைப் பார்த்த பிறகு கேட்காமல் இருக்க மாட்டார்கள். அன்று நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஜுரம் விட்டது என்று சொன்னது நான். அந்த முதிய மருத்துவரிடம் இதையும் கேட்டேன், அண்ணா. யாருக்கும் தெரியாது என்றார். பிழைத்தும் இருக்கலாம், வழியிலேயே போயும் இருக்கலாம் என்றார். இதை எப்படிச் சொல்வது? உங்களுக்குத் தெரியுமா? அந்தக் கடைசி நேரத்தில் உங்களுக்கு ஏதாவது தோன்றியதா? தோன்றியும் எங்கள் சிரிப்பைக் கெடுக்க வேண்டாம் என்று சும்மா இருந்தீர்களா?

நீங்கள் பதில் சொல்லப் போவதில்லை. ஆகவே நான் உறுதி ஒன்று தருகிறேன், வழக்கமாகச் சேர்க்கும் நிபந்தனைகள் எதுவும் இல்லாமல். நாளை அண்ணி கேட்பது எதுவானாலும் தெரிந்ததைத் தெரியும் என்பேன், தெரியாததைத் தெரியாது என்பேன். அவர்களுடைய நன்மைக்கு என்று எதையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். அவர்கள் அழுதால் கடிகாரத்தைப் பார்க்க மாட்டேன். என்னைப் போகச் சொன்னால் கேட்டுக்கு வெளியே போய் நிற்பேன். மறுபடி கூப்பிடும்வரை அங்கேயே நிற்பேன்.

அண்ணியிடம் நாளைக்கு உங்கள் பங்கையும் சேர்த்துப் பதில் சொல்லப்போகிற,
உங்கள் கடைசித் தம்பி
தண்டபாணி